நாட் வாயிலின் வர்க்கமூலம்: குவாண்டம் கணிமையின் தர்க்க வேர்கள் குறித்து ஒரு மறுப்பு

குவாண்டம் கணிமைக்கும் தர்க்கத்துக்கும் உள்ள உறவைப் பேசுகிறவர்கள் பலர் ஒரே கட்டுரையை ஆதாரமாக வைத்துத் தொடங்குகிறார்கள். டேவிட் டாய்ச், ஆர்தர் எக்கர்ட், ரொசெல்லா லுப்பாக்கினி மூவரும் 2000-ஆம் ஆண்டு ‘புல்லட்டின் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்’ இதழில் எழுதிய ‘இயந்திரங்கள், தர்க்கம், குவாண்டம் இயற்பியல்’ என்பதே அது. தெளிவான நடை, துணிவான முடிவு. எதைக் கணிக்க முடியும் என்பதை இயற்பியல் விதிகளே தீர்மானிக்கின்றன என்ற அதன் முதல் பாதியை நான் ஏற்கிறேன். இயற்கை ஒரு புதிய தர்க்கச் செயலையே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்ற இரண்டாம் பாதி சான்றுகளைத் தாண்டிப் போகிறது. வரலாற்றையும் அது தவறான பாதையில் திருப்பிவிடுகிறது.

அவர்களுடைய வாதம் ஒரு கருவியிலிருந்து எழுகிறது. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியில் ஒரு ஃபோட்டான் விழுந்தால், இரு பாதைகளில் எதில் அது அகப்படும் என்பது சரிபாதி நிகழ்தகவு. அதே மாதிரியான இரண்டு கண்ணாடிகளை அடுத்தடுத்து வைத்தால் ஐயமே இல்லை. 0 என்ற பாதையில் நுழைந்தது 1-இல் வெளிவரும், 1-இல் நுழைந்தது 0-இல் வரும். இரண்டும் சேர்ந்து செய்வது நாட் வாயிலின் வேலை. ஆகவே ஒரு கண்ணாடி மட்டும் செய்வது நாட் வாயிலின் வர்க்கமூலம். மெய்யட்டவணைகளில் இப்படியொரு செயல் கிடையாது; இயற்கையில் இருக்கிறது; எனவே தர்க்கவாதிகள் இதைத் தங்கள் செயல்களின் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் மூவரும்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். மெய்யட்டவணையில் மட்டுமல்ல, நிகழ்தகவு எண்களால் ஆன எந்த 2-க்கு 2 அணியிலும் இந்த வர்க்கமூலம் அகப்படாது. ஓர் அணியை அதனாலேயே பெருக்கினால் வரும் அணிக்கோவை, பழைய அணிக்கோவையின் வர்க்கம். நாட் வாயிலின் அணிக்கோவை கழித்தல் 1. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறையெண் ஆகாது. கலப்பெண்களை அனுமதித்தால்தான் வழி திறக்கிறது. இதுவரை மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் இது நிரூபிப்பது என்ன? இரண்டே நிலைகளை மட்டும் கொண்ட, மெய்யெண் நிகழ்தகவுகளால் விவரிக்கப்படும் ஒரு பொருளில் அந்தச் செயல் இருக்க முடியாது என்பதைத்தான். நிலைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் தடை விலகிவிடுகிறது. கடிகார முள் 12-இல் நிற்பதை 0 என்றும் 6-இல் நிற்பதை 1 என்றும் கொள்வோம். முள்ளைக் கால்சுற்று திருப்புவது ஒரு செயல். இருமுறை செய்தால் 12 ஆறாகும், 6 பன்னிரண்டாகும். கால்சுற்று என்பது நாட் வாயிலின் வர்க்கமூலம்தான். இதற்காக யாரும் தர்க்கத்தைத் திருத்தவில்லை.

முள் 3-இல் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம், ஃபோட்டானின் இடைநிலையை அப்படிப் பார்க்க முடியாது என்று அவர்கள் தரப்பில் மறுமொழி வரலாம். வலுவான மறுமொழி அது, ஆயினும் போதாது. 1966-இல் அச்சான கட்டுரையில் ஜான் பெல், இருபரிமாண அமைப்பு ஒன்றின் எல்லா அளவீட்டு முடிவுகளையும் மறைமாறிகளைக் கொண்டு, முன்கூட்டியே தீர்மானமான 0, 1 மதிப்புகளால் விளக்கும் மாதிரியைக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு சைமன் கோக்கனும் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கரும் மூன்று பரிமாணம் முதல் அப்படி மதிப்பிட முடியாது என்று காட்டியபோது, இரண்டு பரிமாணத்தில் முடியும் என்பதையும் சேர்த்தே காட்டினார்கள். பழைய தர்க்கம் உடையத் தொடங்கும் எல்லை மூன்றில் இருக்கிறது; மூவரும் தங்கள் உதாரணத்தை இரண்டில் தேர்ந்தெடுத்தார்கள். ஒற்றை க்யூபிட்டின் (இருபரிமாணக் குவாண்டம் பிட்டின்) மேல் இயங்கும் வாயிலைக் காட்டித் தர்க்கத்தை அசைக்க முயல்வது, அசையாத இடத்தில் கடப்பாரையை ஊன்றுவதாகும்.

டாய்ச் 1985-இல் ராயல் சொசைட்டியின் நடவடிக்கைகளில் வெளியிட்ட மூலக்கட்டுரையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே அனைத்துப்பொது குவாண்டம் கணினிக்கு எட்டு அடிப்படை மாற்றங்களைத் தருகிறார்: நான்கு அணிகள், அவற்றின் நேர்மாறுகள் நான்கு. அவற்றில் இரண்டாவது என் கவனத்தைப் பிடித்து நிறுத்தியது. மூலைவிட்டத்தில் ஒரு கோணத்தின் கொசைன். மற்ற இரண்டு இடங்களிலும் அதே கோணத்தின் சைன், கழித்தல் 1-இன் வர்க்கமூலத்தால் பெருக்கப்பட்டு நிற்கிறது. இந்த அணியை மீண்டும் மீண்டும் செயல்படுத்தினால் கோணங்கள் கூடிக்கொண்டே போகும். கோணம் 45 பாகை என்றால் இருமுறையில் நாட் கிடைக்கும் (அளவீட்டில் தென்படாத ஒரு கட்டக்காரணி மட்டும் எஞ்சும்). 30 பாகை என்றால் மும்முறையில், 18 பாகை என்றால் ஐந்து முறையில். டாய்ச் அந்தக் கோணத்தை அரைவட்டத்தின் விகிதமுறா மடங்காக வைக்கிறார். அதனால் திரும்பத் திரும்பச் சுழற்றி எந்தக் கோணத்தையும் வேண்டிய அளவு நெருங்கிவிடலாம்.

ஆக 1985-இன் அமைப்பில் வர்க்கமூலம் ஒரு தொடர்ச்சியான சுழற்சியின் வழியில் வரும் பல புள்ளிகளில் ஒன்று. கனமூலம், ஐந்தாம் மூலம் எல்லாம் அதே வழியில் இருக்கின்றன. வர்க்கமூலத்தைப் புதிய தர்க்கச் செயல் என்று ஏற்றால் ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு தர்க்கச் செயலை ஏற்க வேண்டும். அந்த நிலையில் ‘தர்க்கச் செயல்’ என்பது சுழற்சிக்கு இன்னொரு பெயர், அவ்வளவே. லூசியன் ஹார்டி 2001-இல் குவாண்டம் கோட்பாட்டை ஐந்து எடுகோள்களிலிருந்து வருவித்தபோது, மரபான நிகழ்தகவிலிருந்து அதைப் பிரிப்பது எது என்பதைச் சரியாகச் சுட்டினார்: ஒரு தூய நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ச்சியான, மீளக்கூடிய பாதை இருத்தல். கண்ணாடி கற்பிப்பதும் இதைத்தான். இந்தப் பாடம் நிகழ்தகவுக் கோட்பாட்டைச் சேர்ந்தது.

அப்படியானால் 1936-இல் காரெட் பர்காஃபும் ஜான் வான் நியூமனும் ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் முன்வைத்த குவாண்டம் தர்க்கம் என்ன ஆயிற்று? அங்கே கூற்றுகள் உள்வெளிகள். ‘மற்றும்’ என்பது வெட்டு, ‘அல்லது’ என்பது இரண்டையும் அடக்கும் மிகச்சிறிய உள்வெளி. ஒரு தளத்தில் 0-கோடு, 1-கோடு, மூலைக்கோடு மூன்றையும் வரைந்தாலே பங்கீட்டு விதி தவறுவது தெரியும். 0-கோட்டையும் 1-கோட்டையும் ‘அல்லது’ கொண்டு இணைத்தால் முழுத்தளம். அதோடு மூலைக்கோட்டை வெட்டினால் மூலைக்கோடே மிஞ்சும். தனித்தனியே வெட்டி இணைத்தால் ஒன்றும் மிஞ்சாது. பங்கீட்டு விதிக்குப் பதிலாக அவ்விருவரும் வைத்தது மாடுலர் விதி, அதாவது ஒரு கூற்று மற்றொன்றினுள் அடங்கியிருக்கும்போது மட்டும் செல்லுபடியாகும் பங்கீடு. முடிவிலிப் பரிமாண ஹில்பர்ட் வெளியில் இந்த விதியும் தவறும் என்பது அவர்களுக்கே தெரியும். ஹில்பர்ட் வெளியின் மேல் தனக்கு நம்பிக்கை போய்விட்டதாக வான் நியூமன் 1935 நவம்பரில் பர்காஃபுக்குக் கடிதம் எழுதியதன் பின்னணி இது. 1937-இல் ஹுசிமி கோடி இன்னும் தளர்ந்த விதியைக் கொடுத்தார். பிற்காலத்தவர்கள் அதையே பின்பற்றினார்கள்.

குவாண்டம் கணினியின் பதிவகமோ எப்போதும் முடிவுள்ள பரிமாணம் கொண்டது: 3 க்யூபிட்டுக்கு 8, 10 க்யூபிட்டுக்கு 1,024. அங்கே மாடுலர் விதி பிசகாமல் நிற்கிறது. வான் நியூமன் விரும்பிய விதி, அவர் மனத்தில் இருந்திராத ஒரு பொருளில் மெய்யாகிவிட்டது. டன், ஹேகி, மாஸ், வாங் நால்வரும் 2005-இல் உள்வெளிகள் வெட்டாலும் இணைப்பாலும் அமைக்கும் இதே முடிவுள்ள பரிமாண லாட்டிஸ்களை எடுத்து, ஒவ்வொரு பரிமாணத்துக்கும் அவற்றின் தர்க்கம் தீர்மானிக்கத்தக்கது என்று காட்டியது மதிப்புக்குரிய வேலை.

இருந்தும் இந்த லாட்டிஸ் கணிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த யூனிட்டரி வாயிலும் உள்வெளிகளை உள்வெளிகளாகவே மாற்றுகிறது. வெட்டு, இணைப்பு, செங்குத்து நிரப்பி மூன்றையும் அப்படியே காக்கிறது. லாட்டிஸின் பார்வையில் ஒரு கணிப்புப்படி என்பது பெயர்மாற்றம்தான். டொஃபோலி வாயிலை எடுத்துக்கொள்வோம். மூன்று பிட்கள் உள்ளே போகின்றன. முதல் இரண்டும் 1 ஆனால் மட்டும் மூன்றாவது புரள்கிறது. மூன்றாவதை 0 என்று வைத்துத் தொடங்கினால் அதில் கிடைப்பது ‘மற்றும்’. இந்த ‘மற்றும்’ பள்ளிக்கூடத்து ‘மற்றும்’. பங்கீட்டு விதிக்கு முழுக்கக் கட்டுப்பட்டது. முதல் க்யூபிட்டை மூலைக்கோட்டு நிலையிலும் இரண்டாவதை 1-இலும் வைத்தால், வெளியே வருவது முதலாவதும் மூன்றாவதும் பின்னிப்பிணைந்த நிலை. அது உள்ளே போன இரு கூற்றுகளுக்குரிய உள்வெளிகளின் வெட்டு இல்லை. வாயிலின் ‘மற்றும்’ வேறு, 1936-இன் ‘மற்றும்’ வேறு. ஹிலரி புட்னம் 1960-களின் இறுதியில் தர்க்கமே அனுபவத்தால் திருத்தப்படக்கூடியது என்று வாதிட்டபோது பற்றியிருந்தது பின்னதை. பிறகு அவரே அந்த நிலையைக் கைவிட்டார்.

வாயில்களின் உண்மையான வம்சம் வெப்ப இயக்கவியலில் தொடங்குகிறது. தகவலை அழிப்பதற்குக் குறைந்தபட்ச வெப்பம் உண்டு என்று 1961-இல் ரால்ஃப் லாண்டவர் ஐபிஎம்மில் எழுதினார். இடைநிலைகளைச் சேமித்து வைத்தால் அழிப்பதைத் தள்ளிப்போடலாமே தவிரத் தவிர்க்க முடியாது என்பது அவர் எண்ணம். 1963-இல் பிரான்சில் ஈவ் லெசெர்ஃப் மீளக்கூடிய டூரிங் இயந்திரத்தை எழுதினார், கவனிப்பார் இல்லை. 1973-இல் சார்ல்ஸ் பென்னெட் வழி கண்டார்: கணி, விடையைப் படியெடு, வந்த வழியே திரும்பிக் கணித்துக் குப்பையை நீக்கு. இந்த மூன்று படிகள் இன்றைய குவாண்டம் அல்காரிதங்களில் அப்படியே வாழ்கின்றன. காரணம் மட்டும் மாறிவிட்டது: பென்னெட்டுக்குக் குப்பை வெப்பம், இன்று அது குறுக்கீட்டு விளைவைக் கெடுக்கும் சுவடு. ஃபைன்மன் 1985-இல் எழுதிய குவாண்டம் கணினிக் கட்டுரை நாட், கட்டுப்பட்ட நாட், இருமுறை கட்டுப்பட்ட நாட் ஆகிய மீள்வாயில்களைக் கொண்டு கூட்டல் சுற்றைக் கட்டுகிறது. லாட்டிஸ் அதற்குத் தேவைப்படவில்லை.

குவாண்டம் தர்க்கம், மீள்வாயில்கள் என்ற இரண்டு வம்சங்களும் ஒருபோதும் சந்திக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு மெல்லிய இழை இருக்கிறது. குவாண்டம் தர்க்கத்தைத் தீவிரமாக முன்னெடுத்தவரும் புட்னம் மீது தாக்கம் செலுத்தியவருமான டேவிட் ஃபிங்கெல்ஸ்டைன், ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் தியரிட்டிக்கல் ஃபிசிக்ஸ்’ இதழுக்குப் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தவர். 1981 மே மாதம் எம்ஐடி நடத்திய கணிமையின் இயற்பியல் மாநாட்டின் கட்டுரைகள், ஃபைன்மன் உரை, ஃப்ரெட்கின்–டொஃபோலி கட்டுரை, பென்னெட்டின் மதிப்புரை உட்பட, 1982-இல் அந்த இதழில்தான் வந்தன. குவாண்டம் தர்க்கம் மீள்தர்க்கத்துக்கு இடம் கொடுத்தது என்று இதை நான் வாசிக்கிறேன். கருத்துக் கொடையாக நீட்டிப் படிக்க இன்னும் சான்று வேண்டும்.

வாயில்களின் காலக்கணக்கும் தீரவில்லை. டொஃபோலியின் எம்ஐடி குறிப்பறிக்கை 1980. ஃப்ரெட்கின் வாயில் அச்சானது 1982. ஆனால் ஃப்ரெட்கின் ஃபைன்மனோடு கால்டெக்கில் இருந்தது 1974-ஐ ஒட்டிய ஓராண்டு. அச்சான ஆண்டைக் கொண்டு யார் முந்தியவர் என்று முடிவுகட்டுவது சரியாகாது. இவற்றுக்கு முன்பே கார்ல் ஆடம் பெட்ரி 1965-இல் ஹானோவரில் நடந்த தானியங்கிக் கோட்பாட்டுக் கருத்தரங்கில் பேசி 1967-இல் அச்சிட்ட கட்டுரையில் இத்தகைய மீளும் உறுப்புகளின் முன்வடிவங்கள் இருக்கின்றன. பேச்சின் ஆண்டா, அச்சின் ஆண்டா, எதை எடுப்பது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெட்ரியை முதல்வராக ஏற்றால் என் வாதத்துக்கு ஒரு சங்கடமும் வருகிறது. அவரை அந்த வழியில் நடத்தியது குறிப்பலைகளின் வேகத்துக்கு இயற்பியல் விதிக்கும் எல்லை. 1962-ஆம் ஆண்டு ஆய்வேட்டிலேயே அது வெளிப்படையாக இருக்கிறது. இயற்பியலே தர்க்கத்துக்கு ஆசான் என்ற டாய்ச் தரப்பின் முதல் பாதி இங்கே மேலும் வலுப்பெறுகிறது. வர்க்கமூலத்தைப் பற்றிய இரண்டாம் பாதிக்கு இதிலிருந்தும் ஆதரவு கிடைக்கவில்லை.