நகரமன்றத்தில் ஓர் இருக்கை

சிராங்கூன் சாலையை ஒட்டிய இரு தெருக்கள் ஒரு பழைய தொழிலின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒன்று பஃபலோ சாலை. மற்றொன்று கெர்பாவ் சாலை. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய். இரண்டுக்கும் பொருள் எருமையே. மாடு வளர்ப்போர் நிறைந்திருந்த அவ்வட்டாரத்திலிருந்து, சுகாதார விதிகள் இறுகியபின் அத்தொழில் படிப்படியாக அகன்றது. நகரின் தூய்மைக்கு அது தேவையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் 1913 முதல் 1949 வரை நகராட்சி ஆணையர்கள் நியமனம் பெற்றவர்களே. அக்காலத்தில் அவர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கு மாடு வளர்த்த எவருக்கும் இருந்ததில்லை.

சுற்றுச்சூழல் என்றதும் நாம் உருகும் பனிமலைகளை எண்ணுகிறோம். மக்களின் வாசலுக்கு அது முதலில் வந்ததோ சாக்கடையாகவும் குப்பையாகவும் மாட்டுக்கொட்டிலாகவும்தான். அவற்றைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் யார் அமர்கிறார் என்பது சிறிய வினா அன்று.

அவ்வினாவுக்கு நம் காலத்து விடை ஒன்று ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. பெடர் ஏரியைக் காக்க 1972-இல் அந்நாட்டின் டாஸ்மேனியாவில் உருவான கட்சியே உலகின் முதல் பசுமைக் கட்சி எனப் பலரும் கருதுவர். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சமந்தா ரத்னம் 2012-இல் பசுமைக் கட்சியின் சார்பில் மெல்பர்னின் வடபகுதியிலுள்ள மோர்லண்ட் நகரமன்றத்துக்குத் தேர்வானார். 2015-இல் அதன் மேயரானார். 2017-இல் விக்டோரிய மாநில மேலவைக்குள் நுழைந்து, மாநிலப் பசுமைக் கட்சியின் தலைமையை ஏற்று, 2024 வரை அப்பொறுப்பில் இருந்தார். 2025 கூட்டரசுத் தேர்தலில் வில்ஸ் தொகுதியில் போட்டியிட்டுச் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அவர் கொள்கைகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. புலம்பெயர்ந்த குடும்பத்தின் மகள் ஒருவர், தெருமரமும் குப்பையும் பேசப்படும் அவையிலிருந்து மாநில அரசியலுக்கு உயர்ந்த வழியே நம் கவனத்துக்குரியது.

சிங்கப்பூரின் பாதை வேறு. 1957-இல் 32 இடங்களுக்கும் தேர்தல் கண்ட நம் நகரமன்றம் 1959-இல் முடிவுற்றது. அதன் பணிகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன. 1963-இல் ஃபேரர் சர்க்கஸில் பிரதமர் லீ குவான் இயூ மரக்கன்று நட்டுத் தொடங்கிய பசுமை இயக்கம், மையத்திலிருந்து வட்டாரங்களுக்குப் பரவியது. அதன் நிழலில் இன்று நாம் நடக்கிறோம். எனினும் மக்களின் குரல் அடங்கிவிடவில்லை. புலாவ் உபினின் செக் ஜாவாவில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம், குடிமக்களும் இயற்கை ஆர்வலர்களும் கருத்துரைத்தபின், 2001-இல் ஒத்திவைக்கப்பட்டது.

இருக்கை இல்லாத இடத்திலும் சான்றோடு கூடிய சொல்லுக்கு மதிப்புண்டு. அச்சொல்லைத் தமிழிலும் தெளிவுற எடுத்துரைக்கும் ஆற்றலை மாணவர்க்கு அளிப்பது நம் வகுப்பறைகளின் கடமை.