தட்டிப் பார்த்து கார் வாங்குறீங்களா? அந்தத் தகட்டோட கதை இதுதான்!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது இதைக் கவனிச்சிருப்பீங்க. நீளமான ட்ரெய்லர், அதுல ஒண்ணோ ரெண்டோ இரும்பு உருளைகள் மட்டும் சங்கிலியால கட்டியிருக்கும். மீதி இடமெல்லாம் காலி. 'இதுக்கா இவ்வளவு பெரிய வண்டி?'னு தோணும். அந்த உருளைக்குப் பேர் காயில். ஒரு காயிலோட எடை 10-லிருந்து 25 டன் வரைக்கும் போகும். வீட்ல பாய் சுருட்டி வைக்கிற மாதிரி, கிலோமீட்டர் கணக்கில் சுருட்டி வைத்த ஸ்டீல் தகடு அது. கார் பாடி இதிலிருந்துதான் பிறக்குது.

ஒரு வாகனத்துக்குச் சராசரியா 900 கிலோ ஸ்டீல் ஆகும்னு உலக ஸ்டீல் சங்கம் சொல்லுது. இது உலக சராசரி. நம்ம ஊர் சின்ன ஹேட்ச்பேக் சிலவற்றின் மொத்த எடையே அவ்வளவுதான், அதனால அதுல ஸ்டீல் இன்னும் குறைவா இருக்கும். இதுல மூணுல ஒரு பங்கு பாடி, கதவு, வெளித்தகடுகளுக்கே போயிடும். மீதி இன்ஜின், கியர், சஸ்பென்ஷன், சக்கரம்னு பிரியும்.

ஒரகடத்துலயும் இருங்காட்டுக்கோட்டையிலயும் கார்தான் செய்றாங்க. தாதை உருக்கித் தகடாக்குற வேலை அங்கே நடக்கலை. அதுக்கு பல்லாரி பக்கம் தோரணகல்லு, ஜார்கண்டின் ஜாம்ஷெட்பூர் மாதிரியான ஊர்களுக்குப் போகணும். ஊதுலை வழியா 1 டன் ஸ்டீல் எடுக்க சுமார் 1.4 டன் இரும்புத்தாது, 0.8 டன் நிலக்கரி வேணும். தாது நம்மகிட்ட நிறைய இருக்கு. ஊதுலைக்கு ஏத்த கோக்கிங் நிலக்கரிதான் பெரும்பாலும் இறக்குமதி, அதுலயும் ஆஸ்திரேலியாவுக்குத்தான் முதலிடம். 2017-ல் அங்கே குயின்ஸ்லாந்தில் டெபி புயல் ரயில் பாதைகளைச் சிதைச்சப்போ, உலகம் முழுக்க இந்த நிலக்கரி விலை எகிறிடுச்சு. 'மூலப்பொருள் செலவு கூடிடுச்சு'ன்னு கார் கம்பெனிகள் விலையை ஏத்தும்போது, அதுக்குப் பின்னாடி இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

உலையில இருந்து வரும் ஸ்டீல் முதல்ல 20 சென்டிமீட்டருக்கு மேல தடிமனான பாளம். அதைச் சூடா உருட்டி, அப்புறம் குளிர்நிலையில உருட்டி, கடைசியில சுமார் 0.7 மில்லிமீட்டர் ஆக்குவாங்க. துரு பிடிக்காம இருக்க துத்தநாகப் பூச்சு. இப்போ நீங்க ஷோரூம்ல கதவைத் தட்டி, "என்னங்க, வெறும் தகரமா இருக்கு"ன்னு சொல்றீங்களே, அது இதுதான்.

ஆனா, விபத்துல உங்களைக் காப்பாத்துறது அந்த வெளித்தகடு இல்லை. உள்ளே மறைஞ்சிருக்கும் எலும்புக்கூடு! ரெண்டு கதவுக்கும் நடுவே நிக்கிற 'பி பில்லர்' தூணைப் பல கார்கள்ல போரான் கலந்த ஸ்டீல்ல செய்றாங்க. அதை 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அச்சுக்குள்ள அழுத்தி, அங்கேயே சட்டுனு குளிர வைப்பாங்க. அப்போ அதோட இழுவலிமை 1,500 மெகாபாஸ்கல் வரைக்கும் வந்துடும். கதவுத் தகட்டுல இருக்குறது அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். முன்பக்கத்தை வேணும்னே நசுங்குற மாதிரி வடிவமைப்பாங்க, மோதல் வேகத்தை அது வாங்கிக்கணும்ல? அதனால 'டொப்'புனு கனமா சாத்துற கதவுச் சத்தத்தை நம்பாதீங்க. 2023 அக்டோபர்ல ஆரம்பிச்ச பாரத் என்கேப் சோதனையில அந்த மாடல் எத்தனை ஸ்டார் வாங்கியிருக்குன்னு பாருங்க. பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி ஸ்டார் இருக்கும், ரெண்டையும் பார்க்கணும்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. பிரஸ் ஷாப்புக்குள்ள போற தகடு முழுசும் காராகிறதில்லை. ஜன்னலுக்காக வெட்டி எடுத்த துண்டு, ஓரத்துல மிஞ்சுற நறுக்குன்னு மூணுல ஒரு பங்கு, சில நேரம் அதுக்கும் மேல கழிவா விழுது. பெரிய துண்டுகள்ல சின்ன பாகங்கள் அடிப்பாங்க. மிச்சத்தைக் கட்டாக அழுத்தி உலைக்கே அனுப்பிடுவாங்க. சுத்தமான ஸ்டீல்ங்கிறதால அதுக்கு நல்ல கிராக்கி.

பழைய கார் அப்படியில்ல. உடைக்கும்போது ஒயரிங், மோட்டார்ல இருக்குற செம்பு கொஞ்சம் இரும்போட கலந்துடும். உருக்கின பிறகு அதைப் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். கார் பாடித் தகட்டுல செம்பு 0.06 சதவிகிதத்தைத் தாண்டினாலே சிக்கல், உருட்டும்போது வெடிப்பு விடும். கட்டடக் கம்பியோ 0.4 சதவிகிதம் வரைக்கும் தாங்கும். அதனால உங்க தாத்தாவோட அம்பாசடர் இன்னொரு காராகப் பிறக்குறது அபூர்வம். யாரோ ஒருத்தர் வீட்டு லிண்டல்ல கம்பியா உட்கார்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

2025 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மத்திய அரசின் விதிகள், பழைய வண்டிகள்ல இருந்து குறிப்பிட்ட அளவு ஸ்டீலை மீட்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல வச்சிருக்கு. உங்க வீட்ல ஓடாத வண்டி நின்னா, காயலான் கடைக்குத் தள்ளிவிடாம, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துல கொடுங்க. அங்கே தர்ற 'டெபாசிட் சான்றிதழை'ப் பத்திரமா வச்சுக்கோங்க. அதைக் காட்டினா புது சொந்தக் கார் வாங்கும்போது சாலை வரியில 25 சதவிகிதம் வரை சலுகை தர மத்திய விதிகள்ல இடம் இருக்கு. எவ்வளவு கிடைக்கும்ங்கிறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; முதல்ல ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. பழைய வண்டியோட ஆர்சி ரத்தாகிடுச்சான்னும் அப்படியே உறுதிப்படுத்திடுங்க.