அரைப்புள்ளியை விழுங்கும் வாசிப்பான்: லிஸ்ப் மொழியில் சுரக்குறிப்பைப் பட்டியலாக்குதல்

சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. 72 மேளங்களின் வரிசையில் உருப்படிகளைச் சுரப்படுத்தித் தந்த நூல் அது. அத்தகைய குறிப்புகளைக் கணினியில் ஏற்ற விரும்புவோர்க்கு, பட்டியலையே அடிப்படையாகக் கொண்ட லிஸ்ப் பொருத்தமானதாகத் தோன்றும். ஓர் உருப்படியில் எத்தனை சுரம் வரும் என்பது வாசித்து முடியும்வரை தெரியாது. சுரங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் மடக்கு ஓட ஓடப் பட்டியல் வளர்ந்தாக வேண்டும்.

மடக்கை எப்படி எழுதுவது என்பதிலேயே பாடநூல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் ‘அப்பெண்ட்’ கொண்டு கடைசியில் சேர்த்தால், அதுவரை சேர்ந்த பட்டியல் முழுதும் நகலெடுக்கப்படும். 1,000 சுரத்துக்கு 4,99,500 கண்ணறைகள் வீணாய்ப் படியெடுக்கப்படும். ‘புஷ்’ கொண்டு தலையில் சேர்த்து, இறுதியில் ‘என்ரிவர்ஸ்’ செய்வதே பழைய வழக்கம். காமன் லிஸ்ப்பின் ‘லூப்’ கட்டளையில் ‘கலெக்ட்’ அதே வேலையைச் செய்கிறது. இரண்டில் எதைக் கொண்டாலும் பெரிய வேறுபாடில்லை.

வேறுபாடு மடக்கினுள் எதைக் கொண்டு வாசிக்கிறோம் என்பதில் இருக்கிறது. லிஸ்ப்பின் வாசிப்பானான ‘ரீட்’ தரவை வாசிப்பதில்லை, லிஸ்ப் மொழியை வாசிக்கிறது. இன்றைய சுரக்குறிப்பில் காற்புள்ளி ஓர் இடத்துக்கும் அரைப்புள்ளி ஈரிடத்துக்கும் நீட்டம். செங்குத்துக்கோடு தாளப் பிரிவு. காமன் லிஸ்ப்பில் தனித்து வரும் காற்புள்ளி பிழை. செங்குத்துக்கோடு அடுத்த கோடு வரையுள்ள அனைத்தையும் ஒரே பெயராக்கிவிடும். அரைப்புள்ளியோ குறிப்புரையின் தொடக்கம். வரியின் எஞ்சிய பகுதி சத்தமின்றி மறையும். பிழைச் செய்தியும் வராது என்பதால் இதுவே மிகக் கொடியது. ரோமன் எழுத்தில் குறிலைச் சிறியெழுத்தாகவும் நெடிலைப் பேரெழுத்தாகவும் எழுதியிருந்தால், ‘ரீட்’ எல்லாவற்றையும் பேரெழுத்தாக்கிவிடும்.

எந்த எழுத்தை எப்படிக் கொள்வது என்று ‘ரீட்’டுக்குச் சொல்லும் வாசிப்பு அட்டவணையை மாற்றிக்கொள்ளலாமே என்று லிஸ்ப் அன்பர்கள் சொல்வார்கள். மாற்றலாம். ஆனால் காற்புள்ளியைச் சாதாரண எழுத்தாக்கினால், ஒட்டி எழுதிய ‘ஸ,,’ மூன்று உறுப்பாகாது, ஒரே குறியாகும். தவிர, பிறர் அனுப்பும் கோப்பில் ‘#.’ இருந்தால், ‘ரீட்-ஈவல்’ அணைக்கப்படாதவரை அது வாசிக்கும்போதே இயங்கிவிடும். சுரம் வாங்கப் போய் நிரலை ஓட்டிய கதையாகும்.

ஆகவே வரி வரியாக ‘ரீட்-லைன்’ கொண்டு வாங்கி, எழுத்தெழுத்தாகப் பிரிப்பதே சரி. முடிவை அறிவதும் இதில் எளிது. கோப்பு முடிந்ததும் ‘நில்’ திரும்பும்படி அமைக்கலாம். வெற்று வரி வெற்றுச் சரமாகவே வருவதால் குழப்பமில்லை. ‘ரீட்’டில் தரவிலேயே வெற்றுப் பட்டியல் வந்தால் அதுவும் ‘நில்’தான், மடக்கு பாதியில் நின்றுவிடும். ஸ்கீம் மொழி கோப்பின் முடிவுக்குத் தனிப் பொருளே வைத்திருக்கிறது.

பட்டியலைச் சரிபார்க்கத் தாளமே போதும். ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு நான்கு இடமென எழுதிய உருப்படியில் ஓர் ஆவர்த்தனம் 32 இடம் வரவேண்டும். நீட்டங்களையும் கூட்டியபின் குறைந்தால், அந்த வரியில் ஏதோ விழுங்கப்பட்டிருக்கிறது.