எஸ்யூவி கார்களில் தொடரும் மின் கோளாறு: உரிமையாளர்கள் முறையிடுவது எப்படி?

கொச்சி: எச்சரிக்கை விளக்குகள் காரணமின்றி ஒளிர்வது, தொடுதிரை செயலிழப்பது, பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோவது ஆகியவை நவீன எஸ்யூவி கார் உரிமையாளர்கள் எழுப்பும் வழக்கமான புகார்கள். சர்வீஸ் சென்டரில் பலமுறை விட்டும் கோளாறு தீராதபோது, சட்டத்தில் அவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டுக்கும் ஆவணங்களே அடிப்படை.

கோளாறுக்குக் காரணம் என்ன?

இன்றைய கார்களில் எஞ்சின், பிரேக், ஏர்பேக் உள்ளிட்டவை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளால் இயங்குகின்றன. ஒயர் உரசித் தேய்ந்தாலோ, கனெக்டரில் ஈரம் புகுந்தாலோ பல இடங்களில் பிழை தெரியக்கூடும். போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் இணைப்பு முனைகள் அரிக்கப்படுவதை விரைவுபடுத்துகின்றன.

தயாரிப்பு நிலையிலேயே குறை இருப்பதும் உண்டு. எஞ்சின் பகுதியில் ஒயர்கள் உரசிச் சேதமடையும் அபாயம் இருப்பதாகக் கூறி, மஹிந்திரா நிறுவனம் 2023 ஆகஸ்ட் மாதம் 1,08,306 எக்ஸ்யூவி700 கார்களைச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. அவை 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரிக்கப்பட்டவை.

திரும்ப அழைக்கும் விதி

2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவ்வாறு உத்தரவிடப்படும் நிறுவனத்துக்கு ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கப்படலாம். உரிமையாளர்கள் அளிக்கும் புகார்களின் எண்ணிக்கையும் இதில் கணக்கில் கொள்ளப்படுகிறது.

நுகர்வோர் ஆணையம்

தனிப்பட்ட இழப்பீடு, பழுது நீக்கம், மாற்று வாகனம், பணத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை ரூ.50 லட்சத்துக்கு மேற்படாத வழக்குகளை அது விசாரிக்கும். வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், போர்ட் கொச்சிவாசிகள் எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்தை நாடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ரூ.10 லட்சத்துக்கு மேல் ரூ.20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் ரூ.400.

கவனிக்க வேண்டியவை

* ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் கோளாறைத் தெளிவாக எழுதச் செய்து, நகல் பெற வேண்டும். 'கோளாறு இல்லை' என்று குறிப்பிட்டுத் திருப்பித் தந்தாலும் அந்தத் தாள் சான்றாகும்.

* விட்டுவிட்டுத் தோன்றும் கோளாறு சர்வீஸ் சென்டரில் தென்படாமல் போகலாம். தோன்றும்போதே, வாகனத்தை நிறுத்திவிட்டுக் காணொலியாகப் பதிவு செய்வது நல்லது.

* வெளிக்கடைகளில் கூடுதல் விளக்கு, ஒலிக்கருவி பொருத்த ஒயரிங்கை வெட்டி இணைத்தால் வாரண்டி மறுக்கப்படலாம். 2023 மே மாதம் ஜெய்ப்பூர் அருகே எக்ஸ்யூவி700 கார் தீப்பிடித்தபோது, வெளியில் பொருத்தப்பட்ட மின் உபகரணங்களையே நிறுவனம் காரணமாகக் கூறியது.

* சேஸிஸ் எண்ணைக் கொண்டு, தங்கள் வாகனம் திரும்ப அழைக்கப்பட்டுள்ளதா என்பதை நிறுவனத்திடம் கேட்டறியலாம். இச்சோதனைக்கும் பழுது நீக்கத்துக்கும் பொதுவாகக் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை.

வழக்குக்கு முன் தீர்வு காண விரும்புவோர், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.