யாரை எள்ளினர்?

அறுவர் கூடினர், நகைத்தனர், பிரிந்தனர். பிரிந்தவருள் பெரியவர் யார்? மான்டி பைத்தான் எனும் ஆங்கில நகைச்சுவைக் குழுவின் அன்பர்கள் கூடுமிடமெல்லாம் எழுகின்ற வழக்கு இது. வாதம் வளர்கிறது, தீர்ப்பு மட்டும் கிடைத்தபாடில்லை. ஒரு சாரார் ஜான் கிளீஸ் எழுதி நடித்த 'வாண்டா என்றொரு மீன்' படத்தைத் தலைமேல் தூக்கி வைக்கின்றனர். மறு சாரார் டெரி கில்லியம் இயக்கிய 'பிரேசில்' படத்திற்கு ஈடேது இணையேது என்கின்றனர். அடக்கமுடைய சிலர் மைக்கேல் பேலினின் பெயரை மெல்லச் சொல்வர். டெரி ஜோன்சின் பெயரோ, பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளிபோல், 'ஆம், அவரும் ஏதோ எடுத்தார்' என்ற அளவில் வந்து போகிறது. இவ்வழக்கில் நாமும் ஒரு கட்சியினர். கடைசியில் நிற்கும் அந்தப் பெயரின் கட்சி நம்முடையது.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1969 அக்டோபர் 5 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் இக்குழுவின் முதல் நிகழ்ச்சி வந்தது. 1974 வரை 45 நிகழ்ச்சிகள். கிளீஸ், கிரகாம் சாப்மன், எரிக் ஐடில் ஆகிய மூவரும் கேம்பிரிட்ஜில் பயின்றவர்கள். ஜோன்சும் பேலினும் ஆக்ஸ்போர்டில் பயின்றவர்கள். கில்லியம் அமெரிக்கர், படங்களை வெட்டி ஒட்டி நகரச் செய்யும் வித்தகர். கிளீசும் சாப்மனும் சேர்ந்து எழுதுவர். ஜோன்சும் பேலினும் சேர்ந்து எழுதுவர். ஐடில் தனித்து எழுதுவார். எழுதியதை மற்றவர் முன் படிக்க வேண்டும். கேட்டவர் சிரித்தால் உள்ளே; சிரிக்காவிட்டால் வெளியே. ஈவு இரக்கமற்ற நீதிமன்றம்! ஒவ்வொரு துணுக்கையும் வெடிச்சிரிப்புக்குரிய ஒரு சொல்லால் முடித்தே ஆகவேண்டும் என்ற பழைய முறையை உடைத்து, ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடவிட வேண்டும் என்று விடாது வாதாடியவர் ஜோன்ஸ். அவருக்கும் கிளீசுக்கும் மூண்ட சொற்போர்கள் பெயர் பெற்றவை. நான்காம் தொடரில் கிளீஸ் இல்லை.

இனி, எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? அன்பர்கள் சிரிப்பை எண்ணுகின்றனர். எந்தப் படத்தில் எத்தனை முறை வயிறு குலுங்கிற்று என்பதே அவர்கள் கணக்கு. நம்மவர் கணக்கு வேறு. நகை பிறக்கும் இடங்களைச் சொல்லப் புகுந்த தொல்காப்பியம் எள்ளலைத்தான் முதலில் வைத்தது. எள்ளல் என்றால் எதையோ, எவரையோ எள்ளுதல். எள்ளப்பட்டவர் யார் என்று கேளாமல் சிரிப்பை மட்டும் எண்ணுவது, அம்பு எங்கே தைத்தது என்று பாராமல் வில் வளைந்த அழகை வியப்பதுபோல் ஆகும்.

1975-இல் குழுவினர் எடுத்த 'புனிதக் கிண்ணம்' படத்தில் ஒரு காட்சி. மன்னன் ஆர்தர் வருகிறான். சேற்றில் உழலும் குடியானவன் ஒருவன் கேட்கிறான்: உன்னை யார் அரசனாக்கியது? ஏரியிலிருந்து ஒரு நங்கை வாள் நீட்டினாள், ஆதலால் நான் அரசன் என்கிறான் மன்னன். நீர்நிலையில் நடந்த வேடிக்கை ஆட்சியுரிமை ஆகுமா, மக்கள் ஒப்புதலன்றோ ஆட்சியின் வேர் என்று திருப்பிக் கேட்கிறான் குடியானவன். தெய்வ வழி வந்த மன்னர் என்ற புராணத்தை இத்தனை எளிதாகச் சாய்த்த காட்சி வேறு ஏதேனும் உண்டா? இப்படத்தை ஜோன்சும் கில்லியமும் சேர்ந்து இயக்கினர்.

அடுத்து வந்தது 1979-இல் 'பிரையனின் வாழ்க்கை'. இதை இயக்கியவர் ஜோன்ஸ் ஒருவரே. ஏசுநாதர் பிறந்த தொழுவத்திற்கு அடுத்த தொழுவத்தில் பிறந்தவன் பிரையன். கூட்டம் அவனை மீட்பர் என்று நம்பிப் பின்தொடர்கிறது. அவன் மறுக்க மறுக்க, மறுப்பே சான்று என்கிறது. அவன் தவறவிட்ட செருப்பு ஒன்று அடையாளப் பொருளாகிறது. உடனே அதன் பொருள் குறித்துப் பிளவும் பிறக்கிறது! ஒவ்வொருவரும் தாமே சிந்திக்க வேண்டும் என்று அவன் கதறினால், ஆம், சிந்திக்க வேண்டும் என்று ஒரே குரலில் ஓதுகிறது. ஏசுவை எள்ளிய படம் என்றனர் எதிர்த்தவர். படத்தைப் பார்த்தவர் அறிவர்: மலைமேல் பேசும் ஏசு மரியாதையுடனே காட்டப்படுகிறார். எள்ளப்பட்டது, பின்னால் நின்று காது சரியாகக் கேளாமல் ஆளுக்கொரு பொருள் சொல்லும் கூட்டம்.

படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் பணம் போடவிருந்த இ.எம்.ஐ. நிறுவனம் பின்வாங்கியது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தம் வீட்டை ஈடு வைத்துப் பணம் திரட்டினார். படத்தைப் பார்க்க விரும்பினார், அவ்வளவே அவர் சொன்ன காரணம். 1978-இல் துனீசியாவில் படம் பிடித்தனர். வெளிவந்ததும் பிரிட்டனில் 39 உள்ளாட்சி மன்றங்கள் தடையோ வயதுக் கட்டுப்பாடோ விதித்தன. அவற்றுள் சிலவற்றின் எல்லைக்குள் திரையரங்கே இல்லை என்பது தனி நகைச்சுவை. நார்வே தடுத்தது. அயர்லாந்து 1987 வரை தடுத்தது. நார்வேயில் தடைபடும் அளவுக்குச் சிரிப்பான படம் என்று சுவீடனில் விளம்பரம் செய்தனர். 1979 நவம்பர் 9 அன்று தொலைக்காட்சியில் கிளீசும் பேலினும் ஒரு பக்கம், பிஷப் மெர்வின் ஸ்டாக்வுட்டும் எழுத்தாளர் மால்கம் மகரிஜும் மறுபக்கம் அமர்ந்து வழக்காடினர். படத்தின் தொடக்கப் பகுதியைக் காணத் தவறிவிட்டுக் கண்டிக்க வந்த பெரியவர்கள் அவ்விருவர்! காணாததைக் கண்டிப்பது வைதிகத்தின் பழைய வழக்கம்தானே.

படத்தை எழுதியவர் அறுவர், ஜோன்சுக்கு மட்டும் ஏன் மாலை என்று அன்பர் கேட்பர். முறையான கேள்வி. ஆதலால் கூட்டுப் படங்களின் புகழை ஆறாகவே பங்கிடுவோம். பிரிந்தபின் அவரவர் கை தனியே என்ன செய்தது என்று பார்ப்போம்.

1988-இல் வந்த 'வாண்டா' சீரான படம். இயக்கிய சார்லஸ் கிரைட்டன் 1910-இல் பிறந்த முதியவர்; அவரது அனுபவம் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. கெவின் கிளைனுக்கு அதில் ஆஸ்கர் பரிசு கிடைத்தது. ஆங்கிலேயரின் விறைப்பையும் கூச்சத்தையும் கிளீஸ் தம் உடலையே கருவியாக்கிக் கிழித்தார். ஆனால் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. அதில் பேலின் திக்குவாயராக நடித்தார். திக்கும் நாவை நோக்கி அரங்கம் சிரித்தது. திக்குவாய் உடையோர் சிலர் வருந்திக் குறை கூறினர். பேலினின் தந்தையே திக்குவாயர். அத்துன்பத்தை வீட்டில் கண்டவர் அவர். 1993-இல் லண்டனில் திக்குவாய்ச் சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடங்கியபோது தம் பெயரைத் தந்து துணை நின்றார். பேலினின் நெஞ்சம் பெரிது. எனினும் அந்தச் சிரிப்பு எளியவன் பக்கம் எறிந்த கல் என்பதை நாம் மறைக்கமாட்டோம்.

'பிரேசில்' எதிர்க்கட்சியின் பெருந்தூண். அதைச் சாய்க்க நாம் விரும்பவில்லை. பொறிக்குள் ஒரு பூச்சி விழுகிறது. தாளில் ஒரு எழுத்து மாறுகிறது. டட்டில் என்பவனுக்கு மாறாகப் பட்டில் எனும் ஏழை பிடிபட்டுச் சாகிறான். அவன் மனைவியிடம் ரசீதில் கையொப்பம் வாங்குகின்றனர்! அலுவலகத்தின் அறமற்ற ஒழுங்கை இதனினும் கூர்மையாகக் காட்ட முடியாது. முடிவை இன்பமாக்கச் சொன்னது அமெரிக்க நிறுவனமான யுனிவர்சல். கில்லியம் மறுத்தார். என் படத்தை எப்போது வெளியிடுவீர் என்று நிறுவனத் தலைவர் சிட் ஷைன்பர்கைப் பெயர் சொல்லிக் கேட்டு, 'வெரைட்டி' ஏட்டில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். 1985-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் திறனாய்வாளர் மன்றம் அதையே ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தது, நிறுவனம் பணிந்தது. வீரம்தான். ஆயினும் அப்படத்தில் ஆள்வோருக்கு முகம் இல்லை. எந்த அதிகாரியும் அதைப் பார்த்து, இது அடுத்த அறைக்காரனைப் பற்றியது என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

சாப்மன், கிளீஸ், ஐடில் மூவரும் தோன்றிய 1983-ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைப் படமான 'மஞ்சள் தாடி' பற்றிப் பேசாதிருப்பது அன்பர்க்கும் நமக்கும் நல்லது.

ஜோன்சிடம் வருவோம். 1987-இல் அவர் இயக்கிய 'தனிப்பணிகள்', லண்டனின் ஸ்ட்ரெத்தம் பகுதியில் விலைமகளிர் இல்லம் நடத்தி வழக்கில் சிக்கிய சிந்தியா பெய்னின் வாழ்வைத் தழுவியது. எழுதியவர் டேவிட் லேலண்ட். நாயகியாக ஜூலி வால்டர்ஸ். அந்த இல்லத்திற்கு வந்தவர் யார்? மதிப்புக்குரிய முதியவர்கள், பட்டம் பதவி பெற்றவர்கள், பகலில் ஒழுக்கம் பேசுவோர். படம் அப்பெண்ணை இகழவில்லை, வந்தவரைக்கூட அரக்கராக்கவில்லை. பகலில் ஒரு நாக்கும் இரவில் ஒரு நாக்கும் கொண்ட சமுதாயத்தைத்தான் கூண்டில் நிறுத்தியது. சிரிப்பு இங்கே மேல்நோக்கிப் பாய்கிறது. அயர்லாந்து அதையும் தடை செய்தது. 'பிரையன்', 1983-இல் வந்த 'வாழ்வின் பொருள்', 'தனிப்பணிகள்' என ஜோன்ஸ் இயக்கிய மூன்று படங்கள் அந்நாட்டுத் தணிக்கையரைத் தூங்கவிடவில்லை.

அவர் வரலாற்றாசிரியரும்கூட. பள்ளியில் நாம் பயின்றதும் இன்று பயிற்றுவிப்பதும் என்ன? ஐரோப்பிய இடைக்காலக் குதிரைவீரன் அறத்தின் உருவம், ஏழையின் காவலன் என்பதன்றோ? 1980-இல் ஜோன்ஸ் எழுதிய 'சாசரின் வீரன்' எனும் நூல், கவிஞர் சாசர் காட்டிய அவ்வீரன் சென்ற போர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவன் கூலிக்குக் கொன்றவன் என்று வாதிட்டது. புலவர்கள் பலர் ஒப்பவில்லை. இன்றும் சர்ச்சை ஓயவில்லை. ஆனால் புகழுரைக்குக் கீழே கிடந்த பிணங்களை எண்ணச் சொன்ன துணிவு அவருடையது.

அதே துணிவு 1989-இல் வந்த 'கடலோடி எரிக்' படத்திலும் உண்டு. கொள்ளையும் கொலையும் குலத்தொழிலாகக் கொண்ட வைக்கிங் கூட்டத்தில் ஒருவனுக்கு, இது தகுமா என்ற ஐயம் பிறக்கிறது. தேவர்களைத் தேடிப் போகிறான். கண்ட தேவர்களோ குழந்தைகள்! நீங்கள் போரிடுவது எங்கள் செயலன்று என்று கைவிரிக்கின்றனர். உடன் வந்த பாதிரியாருக்கு அத்தேவர் மாளிகையே தெரியவில்லை. அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவர் கண்ணுக்குச் சொர்க்கம், மற்றவர் கண்ணுக்கு வெட்டவெளி. வழியில் ஒரு தீவு மூழ்குகிறது. மூழ்கவேயில்லை என்று கழுத்தளவு நீரிலும் மன்னன் சாதிக்கிறான், மக்களும் ஒப்புகின்றனர். அம்மன்னனாக நடித்தவர் ஜோன்சேதான்.

படம் முழுதும் இத்தரத்தில் இல்லை என்பதை ஒப்புகிறோம். இடையிடையே தளர்கிறது. பிற்காலத்தில் ஜோன்சின் மகன் பில் அதைச் சுருக்கித் தொகுத்தார். 'இயக்குநர் மகனின் பதிப்பு' என்று அதற்குப் பெயர். 2015-இல் வந்த இறுதிப் படம் 'எது வேண்டுமானாலும்' அதனினும் தளர்ந்தது. உயிரோடிருந்த ஐவரும் குரல் கொடுத்தும் கரையேறவில்லை. தோல்விகளை எண்ணினால் எதிர்க்கட்சியினர் வெல்வர். ஈராக் போரின்போது ஆள்வோரைப் பெயர் சொல்லி இதழ்களில் எள்ளி எழுதியவர் யார் என்று கேட்டால் நாம் ஜோன்சைக் காட்டுவோம்.

2016-இல் அவருக்கு நேர்ந்த நோயை உலகறியச் செய்தனர். மொழியைப் படிப்படியாகப் பறிக்கும் மூளை நோய். சொல்லால் வாழ்ந்தவரிடமிருந்து சொல் விடைபெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் பிறந்த வேல்ஸ் நாட்டின் பாஃப்டா அமைப்பு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. வழங்கியவர், இளமையில் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய பேலின். மகன் பில் தந்தையின் அருகே நின்று, தந்தைக்காகப் பேசினார். 2020 சனவரி 21 அன்று ஜோன்ஸ் மறைந்தார்.