ஆட்டுக்கல்லில் இருந்து மாவுப் பாக்கெட் வரை



இந்த மலருக்கு வரலாறு எழுதச் சொன்னார்கள். ராஜா, மந்திரி வரலாறு நமக்கு எதற்கு? நம்ம அடுப்படியில் நடந்த வரலாற்றை எழுதுகிறேன். வீட்டுக்குள் ஒரு பழக்கம் சத்தமில்லாமல் மாறும். அதுவே பத்து வீடு, லட்சம் வீடு என்று பரவும்போது ஒரு தொழில் பிறக்கும், இன்னொரு தொழில் படுத்துவிடும். அதை முதலில் கண்டுகொள்பவர்தான் பிழைத்துக்கொள்வார்.

எங்க அம்மா காலத்தில் ஒரு வீட்டில் எட்டுப் பேர், பத்துப் பேர். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட, முதுகு ஒடிய ஆட்ட வேண்டும். அதனால்தான் இட்லி பல வீடுகளில் தீபாவளி, பொங்கல் பலகாரமாகவே இருந்தது. 1955-ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார். கோவை கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. கிரைண்டர் வந்ததும் இட்லி, தோசை அன்றாடச் சாப்பாடு ஆனது.

அதற்குள் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 பிள்ளைகள். 1992-93 தேசிய குடும்ப நல ஆய்வில் அது 2.5. 2019-21 ஆய்வில் 1.8. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7.21 கோடி பேருக்குச் சுமார் 1.85 கோடி குடும்பங்கள். அதாவது வீட்டுக்கு நாலு பேர்கூட இல்லை. பெண்களில் படித்தவர்கள் 1991-ல் நூற்றுக்கு 51 பேர், 2011-ல் 73 பேர். கம்பெனி, கடை, ஆபீஸ் என்று வேலைக்குப் போகிறவர்களும் பெருகினார்கள்.

மூணு பேர் இருக்கிற வீட்டில் கால் படி அரிசிக்குக் கிரைண்டர் போட்டால் மாவு சரியாகத் திரளாது. கல்லைக் கழுவுகிற வேலைதான் மிச்சம். அப்புறம் என்ன, தெருக்கோடியில் ஒரு அக்கா கூடுதலாக அரைத்து, கவரில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். "இன்னிக்கு எனக்கு அரை கிலோ எடுத்து வைங்க்கா" என்று வாடிக்கை சேர்ந்தது. 2011-ல் அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டரை வைத்தே இதைத் தொடங்கியவர்களும் உண்டு.

இதே ரப்பர் பேண்ட் கவரைப் பெங்களூருவில் ஒரு கடையில் பார்த்ததில்தான் ஒரு கம்பெனியே பிறந்தது. வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் 2005-ல் சின்ன இடத்தில் மாவுப் பாக்கெட் தொழிலை ஆரம்பித்தார்கள். ஐடி ஃப்ரெஷ் என்ற அந்தப் பெயர் இன்று வெளிநாட்டுக் கடைகளிலும் இருக்கிறது. மாவு அரைப்பதில் அவர்களுக்கு நம்மைவிடக் கைப்பக்குவம் அதிகம் என்று நான் நம்பமாட்டேன். நல்ல கவர், அதன்மேல் தேதி, தினமும் ஒரே ருசி, நேரத்துக்குக் கடைக்கு வரும் வண்டி: இவைதான் வித்தியாசம்.

ஷாம்பு கதையும் இப்படித்தான். அன்றாடம் கூலி வாங்குகிறவளுக்கு ஒரு பாட்டில் வாங்கக் கையில் காசு சேராது. கடலூர் சின்னி கிருஷ்ணன் சின்னப் பாக்கெட்டில் போட்டால் எல்லோரும் வாங்குவார்கள் என்று கண்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பெரிய கம்பெனிகளும் பாக்கெட்டுக்கு வந்தன.

அன்றாடக் காசில் சின்னதாக வாங்குகிற அதே கைதான் அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடும் சேர்த்தது. அந்தச் சிறுவாட்டை ஒரு மதிப்பாக எடுத்து, 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் நம் மாநிலத்தின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டம் கொண்டுவந்தது. நாம் இன்று கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்குவது அந்த வழியில் வந்ததுதான்.

சகோதரிகளே, பழக்கத்தை மாற்றியவர்கள் நாம்தான். லாபம் மட்டும் ஏன் வேறு இடம் போக வேண்டும்? ஒரு குழு ஊறுகாய் போட்டால் பத்துக் குழுவும் ஊறுகாய் போடுகிறோம். கண்காட்சி முடிந்ததும் பாட்டில் பரணுக்குப் போகிறது. கடன் தவணை மட்டும் நிற்காமல் வருகிறது.

இப்போது என்ன மாறிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 2011-லேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் வயசான இருவர் மட்டும். அவர்களுக்கு உப்புக் குறைத்த சமையல் வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். ஆய்ந்து நறுக்கிய கீரை வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் கடன் கேட்கும் முன் ஒவ்வொருவரும் தம் தெருவை ஒருமுறை எண்ணி வாருங்கள். எத்தனை வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார்கள், எத்தனை வீட்டில் அம்மா எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறாள், அவர்கள் எதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, தேதி போட்ட கவரோடு தொடங்குங்கள். தொழில் கடன் தீர்மானம் எழுதும்போது அந்த நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.