திருக்கோயிலும் நாடகத்தமிழும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். இம்மூன்றனுள் இயற்றமிழ் ஏட்டில் நிலைத்தது. இசைத்தமிழ் திருமுறையாய் ஓதுவார் நாவில் நிலைத்தது. நாடகத்தமிழோ பெரும்பான்மையும் மறைந்தொழிந்தது. இறைவனைக் கூத்தன் என்றே பெயரிட்டு வழிபடும் நாட்டில் கூத்து நூல்கள் அழிந்தமை வியப்பன்றோ! முத்துப்பேட்டையை அடுத்துக் கோவிலூர் என வழங்கும் திருவுசாத்தானம் முதலாகப் பாடல்பெற்ற தலங்கள் பல நிறைந்த இக்காவிரி நாட்டில், கோயில்களே நாடகத்தைப் புரந்தன. அவ்வரலாற்றை இம்மலர் வாயிலாகச் சுருங்க உரைப்பாம்.

அரங்கும் அரங்கத்தாரும்

பண்டைத் தமிழரங்கின் இலக்கணத்தைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை விளங்கக் கூறுகின்றது. அரங்கை அளப்பதற்குரிய கோல் இருபத்துநான்கு பெருவிரல் அளவினது. அக்கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையது அரங்கு. தளத்தின்மீது வைத்த பலகைக்கும் மேலே வைத்த உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். புகுதற்கு ஒன்றும் போதற்கு ஒன்றுமாக வாயில் இரண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்து விழாதபடி விளக்கு அமைத்தல் வேண்டும். இக்காலத்தார் திரைச்சீலை என்பதனை அக்காலத்தார் எழினி என்றனர். ஒருபுறத்தினின்று இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறத்தினின்றும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

தொழிற்கு உரியோரும் தனித்தனியே வகுக்கப்பட்டனர். கூத்தின் அமைதி முழுதும் அறிந்து பயிற்றுவோன் ஆடலாசிரியன். பாட்டும் தாளமும் பொருத்துவோன் இசையாசிரியன். பாட்டு இயற்றித் தருவோன் நன்னூற்புலவன். தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் இவர்க்குத் துணைவர். இயக்குநர், இசையமைப்பாளர், கவிஞர் என்று இந்நாளில் நாம் புதியனபோலச் சொல்லும் தொழில்கள் எல்லாம் அன்றே இலக்கணம் பெற்றிருந்தன.

உரையாசிரியராகிய அடியார்க்கு நல்லார் கூத்தைச் சாந்திக்கூத்து, விநோதக்கூத்து எனப் பிரித்துக் காட்டுவர். சாந்திக்கூத்து சொக்கம், மெய்க்கூத்து, அவிநயம், நாடகம் என நால்வகைப்படும். கதை தழுவி வருவது நாடகம். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக இலக்கண நூல்களை அவர் பெயர் சுட்டுகின்றார். இன்று நம் கையில் இருப்பன அப்பெயர்களே.

கல்லில் நின்ற கூத்தர்

நூல்கள் மறைந்தன, கல்வெட்டுக்கள் மறையவில்லை. தஞ்சைப் பெரியகோயிலில் இரண்டாம் இராசேந்திர சோழனது ஆறாம் ஆட்சியாண்டுக்கு உரிய, அதாவது ஏறக்குறைய கி.பி. 1057ஆம் ஆண்டைச் சார்ந்த, கல்வெட்டு ஒன்று உளது. சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்பான் வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்பொருட்டு, அவனுக்கும் அவன் வழியினர்க்கும் நெல் அளக்குமாறு அது பணிக்கின்றது. உரைநூலில் நாம் கண்ட சாந்திக்கூத்து என்னும் சொல், ஈண்டு ஒரு மனிதனது பட்டமாய் நிற்றல் காண்க.

அவன் பெற்றது நாளொன்றுக்குத் தூணி நெல். ஆண்டிற்கு நூற்றிருபது கலம். தூணியாவது நான்கு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். இக்கணக்கை வயல்சூழ் நாட்டார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. அதே திருக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் அமர்த்திய பிடாரர் ஒவ்வொருவரும் நாடோறும் முக்குறுணி நெல் பெற்றனர். நாடகத்திற்கு அக்காலத்திருந்த மதிப்பு இதனால் இனிது புலனாம். இன்னும் ஒன்று: அக்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்பது பெயர். ஆடும் பெருமான் திருப்பெயர் பூண்ட மரக்காலால், ஆடும் அடியவனுக்கு உணவு அளந்தனர்!

திருவாவடுதுறையிலும் முதலாம் இராசராசன் காலத்தில் ஏழு அங்கமுடைய ஆரியக்கூத்து ஆடுவார்க்குச் சாக்கைக்காணி அளிக்கப்பட்டது. சாக்கையர் பழங்குடியினர், சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்ச் சாக்கையன் இறைவனது கொட்டிச்சேதம் ஆடியதனைச் சிலம்பு கூறும்.

நெல் நின்றது, நாடகம் நின்றது

இனி, ஆராயத்தக்கது ஒன்று உண்டு. இராசராசேசுவர நாடகத்தின் பொருள் யாது? மன்னன் வரலாறு என்பர் சிலர். திருக்கோயில் எழுந்த வரலாறு என்பர் வேறு சிலர். இறைவன் திருவிளையாடல் என்பாரும் உளர். துணிதற்கு வழியில்லை. ஆடினவன் பெயர் உளது. ஆடிய மாதம் உளது. அளந்த நெல் குறுணிக் கணக்காய் உளது. ஆடிய பாட்டில் ஓரடியேனும் கிடைத்திலது! கல்லில் எழுதினோர் கூலியை எழுதினர், பாட்டை எழுதிற்றிலர். கூத்தன் வழியினர் உள்ளளவும் பாட்டு அவர் நாவில் வாழும் என நம்பினர் போலும். நிவந்தம் ஒழிந்த காலத்து வழியினரும் வேறு தொழில் நாடினர். நாடகமும் உடன் சென்றது. திருப்பதியமோ ஏட்டிலும் இருந்தது, நாவிலும் இருந்தது, ஆதலின் பிழைத்தது.

இதற்கு மாறாகப் பிழைத்த கூத்துக்களும் உள. மலையாள நாட்டுச் சாக்கியர் கோயிற் கூத்தம்பலங்களில் வடமொழி நாடகங்களைக் கூடியாட்டம் என்னும் பெயரால் ஆடிக் காத்தனர். கோயில் வருவாய் குன்றிய காலத்து, 1965இல் கேரள கலாமண்டலம் பைங்குளம் இராம சாக்கியாரைக் கொண்டு அக்கலையைப் பிறர்க்கும் பயிற்றத் தொடங்கிற்று. உலக நாடுகளின் கல்விக் கழகமாகிய யுனெஸ்கோ 2001இல் அதனைப் பெருஞ்செல்வமென அறிவித்தது. நம் தஞ்சை மாவட்டத்து மெலட்டூரிலோ, வேங்கடராம சாத்திரியார் இயற்றிய தெலுங்கு நாடகங்கள் வைகாசியில் நரசிம்ம சயந்தியை ஒட்டிப் பாகவத மேளாவாக இன்றும் நடைபெறுகின்றன. அங்கே ஏடும் உளது, ஆடுங் குடும்பங்களும் உள. இவ்விரண்டும் ஒருங்கிருந்தால் கலை அழியாது என்பது இதனாற் பெறப்படும்.

குடமுழுக்கு ஆட்டுங்கால் சிதைந்த கோபுரத்தைத் திருத்துகின்றோம். மங்கிய சுதைக்கு வண்ணம் தீட்டுகின்றோம். அவை இன்றியமையாதனவே. ஆயின் கோயில் என்பது கல் மாத்திரம் அன்று. ஆண்டுத் திருவிழாவில் ஓரிரவேனும் நாயன்மார் வரலாறொன்றை நாடகமாக நடிப்பித்தல் வேண்டும். ஆடுவோர்க்கு முன்னோர் நெல் வரையறுத்தாற்போல நாமும் உரிய ஊதியம் வரையறுத்தல் வேண்டும். ஆடிய நாடகத்தை எழுதிப் படியொன்றைத் திருக்கோயிலில் வைத்தல் வேண்டும். ஓதுவார் இன்றித் திருமுறை நில்லாது. கூத்தர் இன்றி நாடகம் நில்லாது. இவ்விருவரையும் புரத்தல் ஆடவல்லான் திருவடிக்குச் செய்யும் தொண்டேயாம். அப்பெருமான் திருவருள் இதற்கு முன்னின்று அருளுக.